பால் பொங்குது, டீச்சர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையைப் படியால் அளக்க முடியாது, மூட்டையில்தான் கட்ட வேண்டும். "சத்தம் போட்டுப் பிள்ளைங்களை அடக்குறவங்க டீச்சர் இல்ல, டிராஃபிக் போலீஸ்" என்பது ஆசிரியர் அறையில் அவர் அடிக்கடி உதிர்க்கும் பொன்மொழி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இரண்டு அறை தள்ளிக் கேட்கும் என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவைப்பார், வாயே திறக்காத பிள்ளையைப் பேசவைப்பார். மாடிப்படியை ஒட்டிய அவருடைய வகுப்பறையில் ஜன்னல் கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அட்டையை மடித்துச் சொருகி வாயடைத்தவரும் அவரே. அவரால் அடக்க முடியாமல் இருந்தது ஒரே ஒருத்தியைத்தான்.

அவளுக்குப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க அவளைக் கடுகு என்றுதான் கூப்பிட்டது. வகுப்பிலேயே சின்ன உருவம். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள். வெடித்தால் வாய் பேசாது, கைதான் பேசும்.

அவளுக்குப் பக்கத்து இடம் வக்கீலுக்கு. அவனும் எட்டு வயதுப் பையன்தான். தான் செய்யாத வீட்டுப்பாடத்துக்கு டீச்சரையே பொறுப்பாக்கிப் பேசக்கூடியவன் என்பதால் அந்தப் பட்டம். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வக்கீல் ஏதோ சொல்லப் போக, கடுகு தன் டிபன் டப்பாவாலேயே பதில் சொல்லிவிட்டாள். மூக்கில் ரத்தம், சட்டையில் ரத்தம், வராந்தா முழுக்க வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

தலைமையாசிரியை அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசினால் அது கல்வெட்டு. கடுகையும் டீச்சரையும் எதிரே நிறுத்திவைத்துச் சொன்னார்: "இனிமே இந்த வகுப்புல யாராவது கை ஓங்கினா, ஓங்கினவங்க அன்னைக்கே கடைசி ரூமுக்குப் போயிடணும். அடிச்சாங்களா, அடிக்கலையாங்கிற விசாரணையே கிடையாது. ஓங்கினாலே போதும்."

கடைசி ரூம் என்பது வராந்தாவின் கோடியில், உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறைக்குப் பின்னால் இருந்தது. எந்த வகுப்பிலும் அடங்காத பிள்ளைகள் எல்லாரையும் அங்கே உட்காரவைத்து, நாள் முழுக்கப் பார்த்து எழுதச் சொல்வார்கள். அங்கே சத்தமே கேட்காது. அங்கே போன பிள்ளை திரும்பித் தன் வகுப்புக்கு வந்ததாக இதுவரை சரித்திரம் இல்லை.

அன்று சாயங்காலம் கடுகின் அப்பா வந்தார். பஸ் டிரைவர். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு யூனிஃபார்மோடேயே வந்து நின்றார். மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"எங்க பரம்பரையே மூக்குக்கு மேல கோபம்தாங்க டீச்சர். எனக்கும் இருந்துச்சு. பஸ் ஓட்ட ஆரம்பிச்சப்புறம்தான் அடங்குச்சு. இப்பல்லாம் பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிச்சாலும் திரும்பிப் பாக்கமாட்டேன். ஆனா எட்டு வயசுப் புள்ளை கையில பஸ்ஸைக் குடுக்க முடியுங்களா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மனசு இளகியும் போனது. அப்பாவின் சட்டைத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சின்னக் கை, மத்தியானம் ரத்தம் பார்த்த கை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"உங்க பொண்ணு என் வகுப்பை விட்டுப் போகமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு. தினம் சாயங்காலம் கேட்ல என்னைப் பாருங்க, அன்னைக்கு எப்படி இருந்தாள்னு நானே சொல்றேன்."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மறுநாள் வகுப்பில் கணக்கும் இல்லை, பாட்டும் இல்லை. டீச்சர் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வீட்டுல அடுப்புல பால் வச்சா என்ன ஆகும்?" என்று ஆரம்பித்தார்.

"பொங்கும்!" என்று வகுப்பே கத்தியது.

"பொங்கி வழிஞ்சப்புறம் அடுப்பை அணைச்சு என்ன பிரயோஜனம்? பாலும் போச்சு, அடுப்பும் நாசம். பொங்கி வரும்போதே அணைச்சுடணும். கோபமும் அப்படித்தான். வயித்துலேர்ந்து ஏறும், நெஞ்சுக்கு வரும், காது சுடும். அப்பவே எழுந்து, 'பால் பொங்குது டீச்சர்'னு சொல்லுங்க. நான் ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கமாட்டேன். நேரா அந்த நாற்காலிக்குப் போயிடலாம்."

ஜன்னலோரம் நீல வண்ணம் அடித்த குட்டி நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார். பக்கத்தில் முக்காலி, முக்காலிமேல் இரண்டு டம்ளர். ஒன்றில் பாதிவரை தண்ணீர். அங்கே போகிற பிள்ளை அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்ற வேண்டும். சிந்தினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்ற முடிகிறதா, கோபம் இறங்கிவிட்டது, எழுந்து வரலாம்.

கடுகு முதல் தடவை போனபோது தண்ணீர் பாதி தரையில், மீதி அவள் மடியில். டீச்சர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கையைப் பாக்காத. தண்ணியைப் பாரு. தண்ணி போற இடத்துக்குக் கை தானாப் போகும்."

கடுகு தண்ணீரைப் பார்த்தாள். தோள் இறங்கியது. மூச்சு இறங்கியது. கடைசியில் சிந்தாமல் ஊற்றிவிட்டு, இரண்டு டம்ளரையும் தூக்கிக் காட்டினாள். அன்று சாயங்காலம் கேட்டருகே டீச்சர், "இன்னைக்கு முதல்ல நிறைய சிந்துனா. அப்புறம் சரியா ஊத்திட்டா" என்றார். அந்த மனிதர் லாட்டரி விழுந்தவர்போலச் சிரித்தார்.

இதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் கெட்டிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடுகிற வண்டிக்கும் இன்னொரு சக்கரம் மாட்டிப் பார்க்காமல் அவர்களால் இருக்க முடியாது. நாற்காலியோடு சேர்த்து நட்சத்திரப் பலகை ஒன்றையும் வைத்தால் என்ன என்று டீச்சருக்குத் தோன்றியது. சண்டை போட்டவர்கள் தாமாகவே எல்லார் முன்னாலும் 'சாரி' கேட்டுச் சமாதானமாகிவிட்டால், கேட்டவருக்குப் பலகையில் பளபளக்கும் காகித நட்சத்திரம் ஒன்று.

அப்புறம் பாருங்கள், அந்த வகுப்பு எப்படி மாறிப்போயிற்று! காலையில் ஒரு சமாதானம், இடைவேளையில் இரண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் வரிசையாக. முன்வரிசையில் ஒட்டிப்பிறந்தவர்கள்போல இருந்த தோழிகள் இருவர்கூட ஒரு நாளைக்கு இரண்டு தடவை சண்டை போட்டுக் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள். பலகையில் வக்கீலின் பெயருக்கு எதிரே இடம் போதாமல் நட்சத்திரங்கள் பக்கத்துப் பெயர்மேல் ஏறி நின்றன. "மன்னிப்புக் கேக்குற மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்று டீச்சர் ஆசிரியர் அறையில் நெகிழ்ந்தார். அதென்ன, சமாதானம் கூடினால் சண்டை குறையத்தானே வேண்டும், இங்கே இரண்டும் சேர்ந்து கூடுகின்றனவே என்று அவருக்கு உறைக்கவே இல்லை. தன் சமையலில் உப்பு அதிகம் என்று எந்தச் சமையல்காரருக்குத் தானாகத் தெரிந்திருக்கிறது?

கடுகின் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு நட்சத்திரமும் இல்லை. நாற்காலிக்கு மட்டும் அடிக்கடி போனாள். முதல் வாரத்தைவிட இப்போதுதான் அதிகம். வக்கீல் அவளிடம் எழுந்து நின்று 'சாரி' கேட்பான், நட்சத்திரம் வாங்குவான். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"அவன் பெரிய மனசோட சாரி கேக்குறான்ல? நீயும் ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலையே டீச்சர்."

"சொன்னா உனக்கும் ஸ்டார் கிடைக்கும்."

"பண்ணாததுக்கு எப்படிச் சாரி கேக்குறது?"

பிடிவாதம் என்று டீச்சர் முடிவுகட்டினார். பரம்பரை, வேறென்ன.

வீட்டிலும் இதே பேச்சுத்தான். டீச்சரின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உலகத்தில் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டியவை எவை, தொடக்கூடாதவை எவை என்று தெரிந்தவர். டீச்சர் நீல நாற்காலியின் மகிமையைச் சொல்லிக்கொண்டே உள்ளே போனவர், கட்டில்மேல் ஈரத்துண்டு கிடப்பதைப் பார்த்தார்.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? துண்டைக் கொடியில போட்டா கை தேஞ்சா போயிடும்? மெத்தை நாறுது! இந்த வீட்டுல ஒருத்தி தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டே இருக்கணுமா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டே, "ஊருக்குத்தான் உபதேசமா? நமக்கும் ஒரு நீல நாற்காலி வாங்கிப் போட்டுடலாமா?" என்றார்.

"எனக்கு எங்க கோபம் வருது? நான் கண்டிப்பா இருக்கேன், அவ்வளவுதான்."

"சரிம்மா. மெக்கானிக் சொன்னா யார் கேக்குறா?" என்று அவர் கொடிப்பக்கம் நழுவினார்.

நட்சத்திரப் பலகையின் புகழ் பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டியது. மற்ற பள்ளிக்கூடங்களின் டீச்சர்கள் வந்து பார்க்க விரும்புவதாகத் தலைமையாசிரியை சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு அன்னைக்கு அமைதியா இருப்பாளா? விருந்தாளிங்க முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா என் பேச்சுல மாத்தம் இல்ல. அன்னைக்கே கடைசி ரூம்தான்" என்றும் சொன்னார்.

"நீங்க கவலையே படாதீங்க மேடம். அவதான் என் முதல் சாட்சி."

அந்த நாளும் வந்தது. டீச்சர் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். டம்ளர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்தன. விருந்தாளிகள் அறையின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எண்ணியதைவிட ஒருவர் கூடுதலாக வந்துவிட்டதால், அவர்களில் பருத்த ஒரு அம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஜன்னலோரத்து நீல நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். நாற்காலி முனகியது. டீச்சர் கவனித்தார்தான். பெரியவரை எழுப்புவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார். தலைமையாசிரியை கதவோரம் நின்றார்.

பாடம் ஜோராகத்தான் ஆரம்பித்தது. கேள்விக்குக் கை தூக்கும்போது பிள்ளைகள் காட்டிய ஒழுங்கைப் பார்த்து விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் "ஸ்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கடுகு எழுந்து நிற்கிறாள். முகம் சிவந்து, உதடு துடிக்கிறது.

"பால் பொங்குது, டீச்சர்."

சொல்லிவிட்டு நேராக ஜன்னல்பக்கம் நடந்தாள். நாற்காலியில் அந்த அம்மா. கடுகு அவர் எதிரே போய் நின்றாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கண்ணு வேணும்?" என்று சிரித்தார்.

"எந்திரிங்க. நான் உக்காரணும்."

டீச்சருக்குக் காது சுட்டது. கதவோரம் தலைமையாசிரியையின் புருவம் ஏறுவது தெரிந்தது. "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது? இப்ப வேணாம். உன் இடத்துல போய் உக்காரு."

"பால் பொங்குது டீச்சர்."

"அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றேன்ல? போ!"

கேள்வியே கேட்கமாட்டேன், நேராகப் போகலாம் என்று மேஜைமேல் உட்கார்ந்து சத்தியம் செய்தவர்தான் இதைச் சொன்னார். கடுகு நம்பமுடியாமல் அவரைப் பார்த்தாள். அப்புறம் வந்த வழியே திரும்பி நடந்து தன் பெஞ்சருகே நின்றாள். உட்காரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வக்கீல் எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டு, தேனில் தோய்த்த குரலில், "நான்தான் தெரியாம கிள்ளிட்டேன். சாரி" என்றான். பின்னாலிருந்து "அடடா!" என்று கைதட்டல். பழக்க தோஷம், டீச்சரின் கையும் நட்சத்திரப் பெட்டியை நோக்கி நீண்டது.

"தெரியாம இல்ல!" கடுகின் குரல் அறையை இரண்டாகக் கிழித்தது. "ஸ்டாருக்காகத்தான் கிள்ளுறான்! தினம் கிள்ளுறான்! ரப்பரை ஒளிச்சு வைக்கிறான், ஜடையை இழுக்குறான், அப்புறம் சாரி கேட்டு ஸ்டார் வாங்கிக்கிறான்! என்னைக் கிள்ளுனாத்தான் எனக்குச் சீக்கிரம் கோபம் வருமாம், சீக்கிரம் ஸ்டார் கிடைக்குமாம்!"

முன்வரிசைத் தோழிகளில் ஒருத்தி மெல்ல, "நாங்க கிள்ளல டீச்சர். நாங்க பேசி வச்சுக்கிட்டுத்தான் சண்டை போட்டோம்" என்றாள். இன்னொருத்தி, "காலையில அவ திட்டுவா, மத்தியானம் நான் திட்டுவேன்" என்று முறையையும் விளக்கினாள். மடை உடைந்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு, யார் யாரை எதற்காகத் திட்டினார்கள், எத்தனை நட்சத்திரத்துக்கு என்று ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். விருந்தாளிகளில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சருக்கு வயிற்றிலிருந்து ஏறியது. நெஞ்சுக்கு வந்தது. இத்தனை நாள் கட்டிய கோட்டை, இத்தனை பேர் பார்க்க இடிந்து விழுகிறது. இடித்தவள் யார்? யாருக்காக இரவும் பகலும் யோசித்தாரோ அவள்.

"வாயை மூடு!"

மேஜைமேல் இருந்த மரஸ்கேல் எப்போது அவர் கைக்கு வந்தது, எப்போது கடுகின் பெஞ்சருகே வந்தார் என்று அவருக்கே தெரியாது. அது கடுகின் தலைக்கு மேலே நின்றது.

கடுகு குனியவில்லை. அழவில்லை. ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை, நகம் பதிய, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பொங்கி வழியாமல் இருக்க அந்தப் பிள்ளை தன்னைத் தானே கட்டிப்போட்டிருந்தாள். நாற்காலி கொடுக்கவில்லை, டம்ளர் கொடுக்கவில்லை, இருந்த ஒரே வழியை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். வெட்கம் என்றால் என்ன என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இதற்கு முன்னால் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை.

ஸ்கேலை மெல்லப் பெஞ்சுமேல் வைத்தார்.

"பால் பொங்குது" என்றார் டீச்சர்.

அவர் ஜன்னலோரம் நடந்தார். பருத்த அம்மாவுக்கு இந்தத் தடவை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எழுந்து வழிவிட்டார். டீச்சர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மோவாய்வரை வந்தது. நல்ல புடவை தரையில் புரண்டது. டம்ளரை எடுத்தார், ஊற்றினார். தண்ணீர் முக்காலியில் கொட்டிப் புடவையில் ஓடியது.

பக்கத்தில் ஒரு சின்ன நிழல் வந்து நின்றது. கையில் துடைக்கும் துணி.

"சிந்துது டீச்சர்."

"தெரியுது."

கடுகு முக்காலியைத் துடைத்தாள். புடவையையும் ஒற்றினாள். "மறுபடியும் ஊத்துங்க."

டீச்சர் மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் சிந்தியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் டம்ளரின் விளிம்பே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"கையைப் பாக்காதீங்க" என்றாள் கடுகு, கண்டிப்பாக. "தண்ணியைப் பாருங்க. தண்ணி போற இடத்துக்குக் கை தானாப் போகும்."

டீச்சர் தண்ணீரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. தோள் இறங்கியது. ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. யாரோ ஒரு பிள்ளை கைதட்ட ஆரம்பித்து, இது கைதட்டும் விஷயமா இல்லையா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டது.

விருந்தாளிகள் வராந்தாவுக்குப் போனதும் தலைமையாசிரியை டீச்சரை ஓரமாக அழைத்தார்.

"நான் சொன்னது நினைவிருக்கா?"

"நல்லா நினைவிருக்கு மேடம்." டீச்சரின் குரல் தெளிவாக இருந்தது. இன்னும் சொன்னால், முன்னைவிடத் தெளிவாக. "இந்த வகுப்புல கை ஓங்கினவங்க கடைசி ரூமுக்குப் போகணும்னு சொன்னீங்க. இன்னைக்கு ஓங்கின கை என்னுது மட்டும்தான். அவளைத் தினம் ஒருத்தன் கிள்ளுறான், நானே அதுக்குப் பரிசு குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். இன்னைக்கு வாயிலயும் சொல்லிப் பாத்தா, நாற்காலியும் கேட்டுப் பாத்தா. நான் ரெண்டையும் காதுல வாங்கல. அப்பவும் அவ கை பின்னாடிதான் இருந்துச்சு. சட்டப்படி அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. பெஞ்சு கொஞ்சம் உயரமா இருந்தா நல்லது, எனக்கு முழங்கால் வலிக்குது."

தலைமையாசிரியை அவருடைய ஈரப் புடவையைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா என்று துணிந்து சொல்ல முடியவில்லை.

"கடைசி ரூம்ல எழுதறதுக்கு நோட்டு இல்ல" என்றார். "நீங்க இங்கேயே இருங்க. ரெண்டு பேரும் இருங்க." நாலடி போய்விட்டுத் திரும்பினார். "அந்த மாதிரி நாற்காலி இன்னொண்ணு கிடைக்குமா? அந்த ரூம்லயும் போட்டுப் பாக்கலாம்."

மத்தியானம் டீச்சர் பலகையிலிருந்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக உரித்தார். முதல் வேலையாகக் கடுகின் எதிரே நின்று, எல்லாரும் பார்க்க, "நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும். தப்பு என்னுது. சாரி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். கடுகு யோசித்துப் பார்த்து, "சரி டீச்சர்" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தன் சொத்து உரிந்து குப்பைக்கூடைக்குப் போவதை வக்கீல் வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இனிமே சாரி கேட்டா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்ப எதுக்குக் கேக்கணும்?"

"அதை நீயே யோசி. நல்லா வாதாடத் தெரிஞ்சவன்தானே? உனக்குள்ளயே வாதாடிப் பாரு."

அவன் அன்று மத்தியானம் முழுக்க உதட்டை மட்டும் அசைத்துத் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தான். கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால் பையைத் துழாவினான். ஒளித்து வைத்திருந்த ரப்பர்கள், பெரிதும் சிறிதுமாக, ஒரு கைப்பிடி இருந்தன. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு அத்தனையையும் கடுகின் பக்கம் தள்ளினான். அதில் இரண்டு அவனுடையவை. டீச்சர் பார்த்தார். பார்க்காததுபோல ஜன்னல் அட்டையைச் சரிசெய்தார்.

சாயங்காலம் கேட்டருகே பஸ் டிரைவர் காத்திருந்தார். இன்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கடைசி ரூம் பற்றியும் தெரியும். காலையிலிருந்து வண்டி ஓட்டினாரோ, இல்லை வண்டி அவரை ஓட்டியதோ, முகம் அப்படி வாடிக் கிடந்தது.

டீச்சர் வந்தார். புடவையின் முன்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்தில் கடுகு, ரப்பர்களைக் கைநிறைய வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு எப்படிங்க டீச்சர்?" அவர் தலையைச் சொறிந்தார். "என் பொண்ணு இங்கதானே இருப்பா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கடுகு முந்திக்கொண்டாள். அப்பாவின் கையை இழுத்து, பெரிய மனுஷி போல அறிக்கை கொடுத்தாள்.

"நான் இருக்கேன்ப்பா. டீச்சருந்தான் இருப்பாங்க. இன்னைக்கு முதல்ல நிறைய சிந்துனாங்க. அப்புறம் சரியா ஊத்திட்டாங்க."